ஐம்பது ஆண்டுகள் பதில் எழுதிய தாதிமார்

கடிதம் எழுதுவதில் நம்மவர் சோம்பலுடையவர்கள் என்பது பழைய குற்றச்சாட்டு. கொழும்பிலிருக்கும் தமையனுக்குத் தைப்பொங்கலன்று எழுதத் தொடங்கிய மடல், சித்திரை வருடப்பிறப்பு வந்தும் முற்றுப்பெறாமல் மேசையிற் கிடந்ததை எத்தனை வீடுகளிற் கண்டிருக்கிறோம்! இப்போது மடல்களே அருகிவிட்டன. பதில் அனுப்பாமல் விடும் பழக்கம் மட்டும் அருகவில்லை. உடன்பிறந்தவர்க்கே இந்நிலை என்றால், முன்பின் அறியாத ஒருவர் தபாலில் அனுப்பும் நீண்ட வினாக்கொத்துக்கு யார்தாம் பதில் எழுதுவர்? அதுவும் ஒரு முறையன்று. இரண்டாண்டுக்கு ஒருமுறை, வாழ்நாள் முழுவதும்.

எழுதினார்கள். அமெரிக்க ஐக்கிய நாட்டின் தாதிமார் 1976 ஆம் ஆண்டு தொடங்கி ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளாக இப்படிப் பதில் எழுதி வந்திருக்கிறார்கள். ஊதியம் கருதி அவர்கள் இதிற் சேரவில்லை. புகழும் அவர்களுக்கு இல்லை, பெயர்கூட வெளியில் வருவதில்லை. எனினும் பெண்களின் உடல்நலம் பற்றி இன்று மருத்துவ உலகம் அறிந்தவற்றுள் பெரும்பங்கு அக்கடிதங்களிலிருந்து பிறந்தது. அவர்களை ஆராய்ச்சிக்குள் அழைத்துவந்தது எப்படி, அழைத்தவர்களை விட்டுப்போகாமல் வைத்திருந்தது எப்படி என்பது அந்த ஆராய்ச்சியின் முடிவுகளைப் போலவே சுவையான கதை.

கதையின் வேர் இலண்டனில் இருக்கிறது. 1951 ஆம் ஆண்டில் றிச்சார்ட் டோல், பிராட்போர்ட் ஹில் என்னும் இருவர் பிரித்தானியாவிலிருந்த ஏறக்குறைய 60,000 வைத்தியர்களுக்குச் சிறியதொரு வினாக்கொத்தை அனுப்பினார்கள். நீர் புகைப்பவரா, எவ்வளவு புகைக்கிறீர் என்பதே அதன் சாரம். மூன்றில் இரண்டு பங்கினர் பதில் எழுதினர். பின்னர் இவர்களுள் யார் யார் எந்த நோயால் இறக்கின்றனர் என்பதைப் பல்லாண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, புகைத்தலும் நுரையீரற் புற்றுநோயும் எத்துணை நெருங்கியவை என்பது ஐயமின்றித் தெரிந்தது. வைத்தியர்களைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம் எளிது: மருத்துவப் பதிவேட்டில் அவர்களுடைய முகவரி உண்டு, எங்கே போனாலும் கண்டுபிடிக்கலாம்.

ஆனால் அந்த வைத்தியர்களுள் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். பெண்களின் உடலைப் பற்றிக் கேட்க வேண்டியவை வேறு. 1960 ஆம் ஆண்டில் கருத்தடை மாத்திரை அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. நோயில்லாத இளம்பெண்கள் இலட்சக்கணக்கில், நாள்தோறும், ஆண்டுக்கணக்கில் விழுங்கும் மருந்து அதற்குமுன் இருந்ததில்லை. இருபது ஆண்டுகளின் பின் அவர்களுக்கு என்ன நேரும்? மார்பிற் புற்றுநோய் வருமா? மாரடைப்பு வருமா? எவருக்கும் தெரியாது. இக்கேள்வியைக் கையிலெடுத்தவர் பொஸ்டன் நகரில் ஹாவார்ட் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த பிராங்க் ஸ்பைசர். இவர் 1960களில் இலண்டனில் றிச்சார்ட் டோலுடன் சேர்ந்து ஆராய்ந்தவர். ஆகையால் ஆசிரியர் வைத்தியர்களிடம் செய்ததை மாணவர் தாதிமாரிடம் செய்யத் துணிந்தார் என்று சொல்லலாம்.

ஏன் தாதிமார்?

தாதி, நோயாளியின் கட்டிலருகே தொங்கும் அட்டையில் காய்ச்சலின் அளவையும் நாடித்துடிப்பையும் குறித்துக் குறித்துக் கைபழகியவள். உள்ளதை உள்ளபடி எழுதுவது அவளுக்குத் தொழில். 'உயர் இரத்த அழுத்தம் உண்டா?' என்று கேட்டால், தலைசுற்றுவதை எல்லாம் அதில் அடக்கமாட்டாள். தான் விழுங்கிய மருந்தின் பெயரை அறிவாள். 'மருத்துவக் குறிப்பேட்டைப் பார்க்க அனுமதி தருவீர்களா?' என்று கேட்டால் அது எதற்கென்று விளங்கிக்கொள்வாள். பிற்காலத்தில், தமக்கு மார்பகப் புற்றுநோய் என்று எழுதிய தாதிமாரின் குறிப்பேடுகளைத் தேடிப் பார்த்தபோது, ஏறக்குறைய அனைவர் சொன்னதும் சரியாகவே இருந்தது. இந்த நம்பகம் இல்லையெனில் தபால் மூலம் ஆராய்ச்சி செய்வது வீண்வேலை.

தாதியர் பதிவேடு ஒன்று இருந்ததும் துணையாயிற்று. கலிபோர்னியா, நியூயோர்க், டெக்சாஸ், பென்சில்வேனியா முதலிய பதினொரு மாநிலங்களின் பதிவேடுகளிலிருந்து, 30 வயது முதல் 55 வயது வரையான தாதிமாரின் பெயர்கள் எடுக்கப்பட்டன. அவர்களுள்ளும் மணமானவர்களே தெரிவு செய்யப்பட்டனர். காரணத்தைக் கேட்டால் இக்காலத்து மாணவிகள் சிரிப்பார்கள்: மணமாகாத பெண்ணிடம் கருத்தடை பற்றிக் கேட்பது முறையன்று என்று 1976 ஆம் ஆண்டிலும், அதுவும் அமெரிக்காவில், கருதப்பட்டது. கூச்சம் கீழைத்தேயத்தவர்க்கு மட்டும் உரியதென்று எண்ணுவோர் இதைக் குறித்துக்கொள்வாராக.

ஏறக்குறைய 1 இலட்சத்து 70 ஆயிரம் கடிதங்கள் புறப்பட்டன. எத்தனை பிள்ளைகள், தாய்க்கோ சகோதரிக்கோ மார்புப் புற்றுநோய் உண்டா, புகைப்பதுண்டா, மாத்திரை எடுத்ததுண்டா, எத்தனை ஆண்டுகள், தலைமயிருக்குச் சாயம் பூசுவதுண்டா என்றெல்லாம் அவற்றிற் கேள்விகள் இருந்தன. 1 இலட்சத்து 22 ஆயிரம் பேர் வரையில் நிரப்பித் திருப்பி அனுப்பினார்கள். நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல்! தபால் வினாக்கொத்துகளோடு மல்லாடியவர்கள் இத்தொகையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள்.

சேர்ப்பது எளிது, காப்பது அரிது

பட்டியலில் ஒரு பெயரைச் சேர்ப்பது ஒரு நாள் வேலை. அந்தப் பெயரை இழக்காமல் வைத்திருப்பது வாழ்நாள் வேலை. இதன் அவசியத்தைச் சற்று விளக்க வேண்டும். நெடுங்கால ஆய்வின் உயிர்நிலை இங்கேதான் உள்ளது.

ஆயிரம் பேரை எடுத்துக்கொள்வோம். பத்தாண்டின் பின் அவர்களுள் நானூறு பேர் பதில் எழுதவில்லை. 'போகட்டும், அறுநூறு பேர் மிஞ்சினார்கள், அதுவும் பெருந்தொகைதானே' என்று சொல்லிவிட முடியாது. எழுதாமல் விட்ட நானூறு பேரும் யார்? நோயிற் கிடப்பவளுக்குப் பேனா பிடிக்க முடியாது. வேலை இழந்து வீடு மாறியவளுக்குக் கடிதம் போய்ச் சேராது. புகைத்தலை விட முயன்று தோற்றவளுக்கு அந்தக் கேள்வியை மறுபடி பார்க்க வெட்கம். அதாவது, எவருடைய கதையை அறிய ஆய்வு தொடங்கப்பட்டதோ அவர்களே முதலில் மறைகிறார்கள். மிஞ்சிய நலமுள்ளவர்களை மட்டும் எண்ணிப் பார்த்தால் புகைத்தல்கூட அவ்வளவு கெடுதியில்லை என்ற முடிவு வந்துவிடக் கூடும். கணக்குப் பிழையன்று, ஆட்கள் இல்லாத பிழை.

பொஸ்டன் ஆராய்ச்சியாளர் இதை நன்கு உணர்ந்திருந்தனர். ஒருமுறை பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பினார்கள். அதற்கும் வராவிட்டால் மூன்றாம் முறை, நான்காம் முறை. வீடு மாறினால் எவரைக் கேட்டால் முகவரி தெரியும் என்று தாதியிடமே முன்கூட்டிக் கேட்டு வைத்தார்கள். அமெரிக்கப் பெண்களிற் பலர் மறுமணம் செய்தால் குடும்பப் பெயரும் மாறும்; ஆதலால் ஆளைத் தேடுவது இருமடங்கு தொல்லை. தாதியர் சபையின் பதிவேடும், தபாற்கந்தோரும், சில வேளைகளில் அயலவரும் துணை செய்தார்கள். இறந்தவர்களை நாட்டின் மரணப் பதிவுச் சுட்டியிலிருந்தும் உறவினர் எழுதிய கடிதங்களிலிருந்தும் அறிந்தார்கள். தாயின் பெயருக்கு வந்த வினாக்கொத்தைத் திறந்து, 'அம்மா போய்விட்டார்' என்று ஒரு மகள் எழுதி அனுப்பும் வரியும் இவ்வாராய்ச்சியில் ஒரு தரவாகும். இத்தனை முயற்சியால் பல சுற்றுகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் தொடர்ந்து கண்காணிப்பில் இருந்தனர்.

முயற்சி மட்டும் போதுமா? இல்லை. தாதிமாருக்குச் செய்திமடல் அனுப்பப்பட்டது. 'நீங்கள் சென்றமுறை எழுதியவற்றிலிருந்து நாங்கள் கண்டது இது' என்று அதில் விளங்கும் மொழியில் எழுதினார்கள். கேட்டுக்கொண்டே இருப்பவருக்கு எவரும் நெடுநாள் கொடுக்கமாட்டார். கொடுத்தது என்னவாயிற்று என்று சொல்லுகிறவருக்கே மீண்டும் கொடுக்க மனம் வரும். இரவுக் கடமை முடித்து விடியற்காலையில் வீடு திரும்பி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, கண் எரிய எரிய உட்கார்ந்து வினாக்கொத்தை நிரப்பும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். அவளுக்கு அந்தச் செய்திமடல் சிறிய காரியமன்று.

மற்றவர்கள் வேறு உபாயங்களையும் ஆராய்ந்திருக்கிறார்கள். தபால் வினாக்கொத்துக்குப் பதில் பெறுவது எப்படி என்று செய்யப்பட்ட 292 பரீட்சைகளை ஒன்றுசேர்த்து, 2002 ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் ஒரு கட்டுரை வெளியாயிற்று. வினாக்கொத்து குறுகியதாயிருந்தால் பதில் கூடும். பெயர் சொல்லி விளித்து எழுதினால் கூடும். பதிவுத் தபாலில் அனுப்பினால் மிகக் கூடும். அந்தரங்கக் கேள்விகள் இருந்தால் குறையும். இவை யாவரும் எதிர்பார்த்தவையே. ஆனால் பணம் பற்றிய முடிவு கவனிக்கத்தக்கது: 'பதில் அனுப்பினால் பணம் தருவோம்' என்பதைவிட, சிறுதொகையை முதலிலேயே கடிதவுறைக்குள் வைத்து அனுப்புவது அதிகம் பயன் தருகிறதாம். முன்னதில் பேரம் இருக்கிறது. பின்னதில் நம்பிக்கை இருக்கிறது. மனித மனத்தை அறிந்த நம் பாட்டிமாருக்கு இதைச் சொல்ல 292 பரீட்சைகள் வேண்டியிருந்திராது.

நகமும் இரத்தமும்

நம்பிக்கை வேரூன்றிய பின் கேள்விகளும் வளர்ந்தன. 1980 ஆம் ஆண்டில், வோல்டர் வில்லெற் என்னும் ஆராய்ச்சியாளரின் முயற்சியால், உணவு பற்றிய வினாக்கொத்து சேர்க்கப்பட்டது. முட்டை வாரத்துக்கு எத்தனை, வெண்ணெயா மாஜரீனா, தோடம்பழம் எவ்வளவு என்று அறுபதுக்கு மேற்பட்ட உணவுகள். 'சென்ற வாரம் தின்றதே நினைவில்லை, சென்ற ஆண்டு தின்றதை எழுதினால் நம்பலாமா?' என்று விமரிசகர்கள் நகைத்தார்கள். அதற்கு விடை தந்தவர்கள் பொஸ்டன் பகுதியைச் சேர்ந்த 173 தாதிமார். ஓராண்டில் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் முழுவதும், வாயில் வைத்த அனைத்தையும் நிறுத்து எழுதினார்கள். சமைக்கும்போது ஒரு தராசு, சாப்பிடும்போது ஒரு பேனா. வீட்டார் என்ன சொல்லியிருப்பார்களோ! அக்குறிப்புகளை வினாக்கொத்தோடு ஒப்பிட்டபோது, முழுமையாக இல்லாவிடினும், ஆராய்ச்சிக்குப் போதிய அளவு பொருந்தியிருந்தது.

அடுத்து, 1982க்கும் 1984க்கும் இடையில், காலின் நகங்களை வெட்டி அனுப்பும்படி கேட்டார்கள். கால்நகம் மெல்ல வளர்வது. செலனியம் போன்ற கனிப்பொருள்கள் பல மாதங்களாக உடலில் எவ்வளவு இருந்தன என்பதை அது காட்டும். ஏறக்குறைய 68,000 பேரின் நகங்கள் தபாலில் வந்து சேர்ந்தன. தபாற்கந்தோர் ஊழியர் தாம் சுமந்தது என்னவென்று அறிந்திருந்தால் முகஞ்சுளித்திருப்பர். 1989, 1990 ஆம் ஆண்டுகளில் இரத்தம். குழாய்களும் பனிப்பொதியும் கொண்ட பெட்டி வீட்டுக்கு வரும். தாதி தன் தொழிற்றோழியைக் கொண்டு இரத்தம் எடுப்பித்து, ஒரே இரவிற் போய்ச்சேரும் விரைவு அஞ்சலில் திருப்பி அனுப்பவேண்டும். ஏறக்குறைய 33,000 பேர் அனுப்பினார்கள். வேறு எந்தத் தொழிலாரிடமும் இப்படிக் கேட்டிருக்க முடியுமா என்பது ஐயமே. அந்த இரத்தம் திரவ நைதரசனின் கடுங்குளிரில் வைக்கப்பட்டது. அதைப் பற்றிப் பின்னர் சொல்லவேண்டியிருக்கிறது.

விளைந்தவை பல; சிலவற்றையே இங்கு குறிக்கிறோம். மாத்திரையை முன்னர் உட்கொண்டு நிறுத்தியவர்களுக்கு இருதய நோய் கூடவில்லை என்று 1988 ஆம் ஆண்டில் தெரிந்தது. எண்ணற்ற பெண்களின் அச்சம் தீர்ந்தது. நாளொன்றுக்கு 1 முதல் 4 சிகரெட் வரையே புகைக்கும் பெண்ணுக்கும் மாரடைப்பு ஆபத்து இருமடங்குக்கு மேல் என்று 1987 ஆம் ஆண்டில் அறிந்தார்கள். 1976 ஆம் ஆண்டில் அத்தாதிமாருள் மூன்றிலொருவர் புகைப்பவர் என்பதையும் மறக்கலாகாது. 2003 அளவில் அத்தொகை நூற்றுக்கு எட்டாகக் குறைந்திருந்தது. தாவர எண்ணெயை ஐதரசனால் இறுகச் செய்யும்போது தோன்றும் 'ட்ரான்ஸ்' கொழுப்பை அதிகம் உண்டோர்க்கு இருதய நோய் அதிகம் என்று 1993 ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். கெட்டி மாஜரீனை நலமான உணவென்று நம்பிப் பூசித் தின்ற காலம் அது. 2006 முதல் அமெரிக்காவில் உணவுப் பொதிகளில் இக்கொழுப்பின் அளவைக் குறிப்பது கட்டாயமாயிற்று.

தாதிமார்க்கு மிக நெருங்கியது இரவுக் கடமை பற்றிய முடிவு. மாதம் மூன்று இரவுக்குக் குறையாமல் மாறிமாறிக் கடமை பார்த்தது எத்தனை ஆண்டுகள் என்று 1988 ஆம் ஆண்டில் கேட்டிருந்தார்கள். ஆறு ஆண்டுகளோ அதற்கு மேலோ அவ்வாறு உழைத்தவர்க்கு இருதய நோய் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு என்று 1995 ஆம் ஆண்டில் தெரிந்தது. முப்பது ஆண்டுகள் இரவு விழித்தவர்களிடம் மார்பகப் புற்றுநோயும் சற்றுக் கூடுதலாகத் தோன்றிற்று. பிந்திய நீண்ட கணக்குகளில், ஓய்வு பெற்ற முதியோரிடம் அத்தொடர்பு மறைந்தது, இளவயதிற் பல்லாண்டு இரவு விழித்தவரிடம் நிலைத்தது. 2007 ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு, இரவு மாற்றுக் கடமையைப் புற்றுநோய் விளைவிக்கக் கூடியவற்றுள் ஒன்றாக வகைப்படுத்தியது. பிறர் நலத்துக்கென்று எழுதிய பதில்கள், எழுதியவளின் சொந்தக் களைப்புக்கே சாட்சி சொல்லின.

வழுவிய இடம்

இவ்வளவும் சொல்லி இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. மாதவிடாய் நின்ற பின் ஓமோன் மருந்து எடுத்த தாதிமார்க்கு இருதய நோய் பாதியளவே என்று 1985 ஆம் ஆண்டில் இதே ஆராய்ச்சி கூறியது. வைத்தியர்கள் தாராளமாக எழுதிக்கொடுத்தார்கள். 2002 ஆம் ஆண்டில், 16,608 பெண்களைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரு கூறாக்கி நடத்திய வேறொரு பெரும் பரீட்சை இடைநடுவில் நிறுத்தப்பட்டது: இருவகை ஓமோன் சேர்ந்த மருந்தை உட்கொண்டவரிடம் மார்பகப் புற்றுநோயும், பக்கவாதமும், இருதய நோயும் கூடுதலாகக் காணப்பட்டன. தாதிமார் பொய் சொல்லவில்லை. மருந்தைத் தாமாகத் தேடி எடுத்தவர்கள் ஏற்கெனவே உடல்நலம் பேணுவோராக இருந்திருக்கலாம். இளவயதில் தொடங்கியதும் ஒரு காரணமாகலாம் என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகின்றனர். எத்துணை விசுவாசமாக எழுதினாலும், தானே தெரிந்தெடுத்த வாழ்க்கையைப் பற்றி ஒருவர் சொல்லும் சாட்சிக்கு ஓர் எல்லை உண்டு.

இன்னுமோர் எல்லை: முதற் கூட்டத்துத் தாதிமாரில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் வெள்ளையர். சோறும் தேங்காய்ப்பாலும் உண்ணும் நம் பெண்களுக்கு அம்முடிவுகளை அளவெடுக்காமல் அப்படியே சட்டையாகத் தைத்துவிட முடியாது.

டென்மார்க் நாட்டிலும் இத்தகைய ஆய்வு நடைபெற்றது. 1993 ஆம் ஆண்டில், தாதியர் சங்கத்தைச் சேர்ந்த, 44 வயதைக் கடந்த 23,000 பேருக்கு எழுதினார்கள். ஏறக்குறைய 20,000 பேர் பதில் தந்தார்கள். ஆனால் அங்கே விட்டுப்போவோரைத் துரத்த வேண்டிய தொல்லை குறைவு. 1968 முதல் அந்நாட்டில் ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம் உண்டு. அவர் வைத்தியசாலையிற் சேர்ந்தாலும் இறந்தாலும் அரசாங்கப் பதிவேடு சொல்லிவிடும். தாதி மறந்தாலும் அரசு மறவாது. இது வசதிதான். எனினும் அவள் சிகரெட்டை விட்டாளா, இரவில் உறங்குகிறாளா என்பதைப் பதிவேடு அறியாது; அதற்கு அவளைத்தான் கேட்கவேண்டும்.

பொஸ்டனுக்குத் திரும்புவோம். 1989 ஆம் ஆண்டில் 25 முதல் 42 வயது வரையான 1 இலட்சத்து 16 ஆயிரம் தாதிமார் கொண்ட இரண்டாம் கூட்டம் தொடங்கப்பட்டது. இம்முறை ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட கடிதங்கள் அனுப்ப வேண்டியிருந்தது. முன்னர் பத்திற்கு ஏழு பேர் மறுமொழி தந்தனர், இப்போது நாலில் ஒருவர்கூட இல்லை. 1996 ஆம் ஆண்டில் இத்தாதிமாரின் பிள்ளைகளில் 9 முதல் 14 வயது வரையான ஏறக்குறைய 17,000 பேரையும் தாய்மாரின் அனுமதியுடன் சேர்த்தார்கள். பிள்ளைகள் தாயைப்போல் விடாது எழுதினார்களா? வளர்ந்த பிள்ளைகளை உடைய பெற்றோர்க்கு விடை தெரியும். 2010 ஆம் ஆண்டில் மூன்றாம் கூட்டம், கடிதமின்றி இணையம் மூலம் தொடங்கப்பட்டது. மாணவத் தாதியரும், பின்னர் ஆண் தாதியரும், பல இனத்தவரும் அழைக்கப்பட்டனர். இலக்கு 1 இலட்சம். பத்தாண்டு சென்ற பின்னும் அதன் பாதியளவிலேயே நின்றது. விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பதில் அனுப்பும் வசதி வந்த பின் பதில்கள் அரிதாயின. நாளொன்றுக்கு நூறு செய்தி வரும் கையிற் பிடித்த கருவியில் நூற்றோராவது செய்திக்கு என்ன மதிப்பு?

இதற்கிடையில் முதற் கூட்டத்தார் முதுமை எய்தினர். அவர்களுள் இளையவள் 1946 ஆம் ஆண்டிற் பிறந்தவள். 1995 முதல், 70 வயதைக் கடந்த ஏறக்குறைய 19,000 பேரைத் தொலைபேசியில் அழைத்து, பத்துச் சொற்களைச் சொல்லி அவற்றைத் திருப்பிச் சொல்லும்படியும், ஒரு நிமிடத்தில் இயன்ற அளவு விலங்குகளின் பெயர்களைச் சொல்லும்படியும் கேட்டார்கள். முதுமையில் நினைவு எவ்வாறு தேய்கிறது என்று அறிவதற்காகவே இது. தம் நினைவு தேய்வதைத் தாமே அளந்து கொடுக்க அந்த மூதாட்டிகள் இசைந்தார்கள்.

அவர்கள் தம் பங்கை விடவில்லை. மறுபங்கு? 2025 ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்க அரசு ஹாவார்ட் பல்கலைக்கழகத்துக்கான ஆராய்ச்சி மானியங்களை நிறுத்தியபோது, தாதிமார் ஆராய்ச்சிக்கு வந்த பணமும் நின்றது. பல்கலைக்கழகத்துக்கும் அரசாங்கத்துக்கும் இடையே எழுந்த வழக்கு வேறு விடயம் பற்றியது. தாதிமார்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. செப்டெம்பர் மாதத்தில், அவ்வாறு நிறுத்தியது சட்டத்துக்கு மாறானதென்று நீதிமன்றம் தீர்த்தது. இடைப்பட்ட மாதங்களில் ஆராய்ச்சியாளரின் பெருங்கவலை இனி வரவேண்டிய பதில்களைப் பற்றியதன்று. ஏற்கெனவே வந்திருந்தவற்றைப் பற்றியது. திரவ நைதரசன் நாளுக்கு நாள் ஆவியாகிக் குறைவது. தவறாமல் நிரப்பவேண்டும், நிரப்புவதற்குப் பணம் வேண்டும். நிரப்பாவிட்டால், முப்பத்தைந்து ஆண்டுகளுக்குமுன் தம் வீட்டு மேசையில் பெட்டியைத் திறந்து, தோழியிடம் கையை நீட்டி எடுப்பித்து, அன்றிரவே அனுப்பிவைத்த தாதிமாரின் இரத்தம் அக்குழாய்களிற் கெட்டுப்போகும். அனுப்பியவர்களிற் பலர் இன்று உயிருடன் இல்லை. அவர்களிடம் மறுபடி கேட்டு வாங்கவும் முடியாது.